ஒன்று, மூன்று, ஒன்பது

எதை முதலில் ஆராய்வது என்று வரிசை போடும் குழுக்களில் உட்காருவதும் ஒரு தொழில்தான் என்றால் திருத்தங்கலில் யாரும் நம்ப மாட்டார்கள். இங்கே தொழில் என்றால் கையில் கறை ஏற வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அச்சாபீஸ் என்று ஏதாவது ஒன்றின் வாடை சட்டையில் இருக்க வேண்டும். "பெங்களூர்ல உனக்கு என்னப்பா வேலை?" என்று கேட்பவர்களிடம் "கருவி செய்யிறேன்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். முதல் பாதி வாழ்க்கைக்கு அது உண்மையும்கூட. ஓடுபாதை ஓரத்தில் நின்றுகொண்டு, விமானிக்கு எத்தனை மீட்டர் வரை கண் தெரியும் என்று அளந்து சொல்லும் கருவிகளோடுதான் பிழைத்தேன். முடி நரைக்க நரைக்க சால்டரிங் அயர்ன் கையை விட்டுப் போய், கூட்டங்கள் வந்து சேர்ந்தன. அடுத்த பதினைந்து, இருபது வருடங்களுக்குச் சிவில் விமானத் துறையில் நாடு எதை ஆராய வேண்டும், எதற்குக் காசு, எதற்குக் கிடையாது என்று பேசும் கூட்டங்கள்.

அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆய்வகமும் தான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையைத் தூக்கிக்கொண்டு வரும். காற்றுச் சுரங்கம் வைத்திருப்பவர்களுக்கு நாட்டின் தலையாய பிரச்சினை காற்றியக்கவியல். கார்பன் இழை இறக்கை செய்பவர்களுக்கு எடைக் குறைப்புதான் எதிர்காலம். கருவிக்காரனான எனக்கு, சந்தேகமே இல்லாமல், கருவிகள். மதியச் சாப்பாட்டுக்குள் பட்டியல் நாற்பது, ஐம்பது வரிகளுக்கு நீளும். எந்த வரியையும் யாரும் அடிக்க மாட்டார்கள். என் வரியை நீங்கள் அடித்தால் உங்கள் வரியை நான் அடிப்பேன் என்ற பயம்தான் காரணம். கடைசியில் எல்லாமே 'முன்னுரிமை' ஆகி, அச்சிட்டு, பைண்டு செய்து, அலமாரிக்குப் போகும்.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்காவில் 2006இல் தேசிய ஆராய்ச்சி மன்றம், நாசாவுக்காக, சிவில் விமான ஆராய்ச்சிக்குப் பத்தாண்டு வரிசை ஒன்றைப் போட்டுத் தந்தது. அதில் வந்து நின்ற சவால்கள் 51. ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். ஒவ்வொரு சவாலுக்கும் மதிப்பெண் போட்டார்கள், அதுவும் ஒன்றிலிருந்து பத்து வரை இல்லை. ஒன்று, மூன்று, ஒன்பது, இவ்வளவுதான். நடுவில் ஐந்து, ஆறு என்று போட்டு யாரையும் மனம் நோகாமல் வைத்துக்கொள்ள வழியே கிடையாது. ஒன்பது கொடுப்பவர் ஏன் ஒன்பது என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வாடிக்கையாளரின் தேவையைப் பொறியாளரின் அளவாக மாற்றப் பிறந்த முறை அது.

எங்கள் கூட்டம் ஒன்றில் இதே முறையைப் பிடித்துப் பார்த்தோம். முதல் நாள் சாயங்காலமே ஒருவர் "நாலு போடலாமா?" என்று கேட்டார்.

அந்த அமெரிக்க அறிக்கையில் எனக்குப் பிடித்தது மதிப்பெண் முறையைவிட இன்னொரு விஷயம். ஒரு சவால் நாட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்ட பிறகு, 'இதை நாசா ஏன் செய்ய வேண்டும்?' என்று தனியாக இன்னொரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கின் உட்கேள்விகளில் ஒன்று, இதற்குக் காசு போட வேறு யாரும் இருக்கிறார்களா என்பது. முக்கியமான விஷயம்தான், ஆனால் விமான நிறுவனங்களே செய்துகொள்ளும் என்றால் மதிப்பெண் இறங்கும்.

இந்தியாவில் அந்தக் கேள்வியை இப்படிக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி: இதை வேறு நாட்டுக்காரன் தனக்காகச் செய்து, பிறகு நமக்கு விற்பானா? விற்பான் என்றால் விலை பேசி வாங்கிக்கொள்ளலாம். எரிபொருள் குறைவாகக் குடிக்கும் எஞ்சினுக்குப் பணம் கொட்ட உலகத்தில் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஐரோப்பா 2011இல், 2000ஆம் ஆண்டு விமானத்தோடு ஒப்பிட்டால் ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு வெளிவரும் கரியமில வாயுவை 2050க்குள் 75 சதவீதம் குறைப்போம் என்று எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் குறைத்தால் அந்த விமானத்தில்தான் நாமும் ஏறப்போகிறோம். தனக்கு இல்லாத பிரச்சினையை மட்டும் எவனும் நமக்காகத் தீர்த்துத் தர மாட்டான். நம் பட்டியலின் தலைமாட்டில் இருக்க வேண்டியவை அந்தப் பிரச்சினைகள்தான்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி நம் ஊருக்குத் தெற்கே, நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரம் என்றால் எல்லோரும் வேங்கடாசலபதி கோயில் சிலைகளைப் பார்க்கப் போவார்கள். நான் போனது அங்கே இருக்கும் இந்தியப் புவிகாந்தவியல் கழகத்தின் ஆய்வகத்துக்கு. (சிலைகளையும் பார்த்தேன். ஆய்வகத்தைவிட அங்கேதான் நேரம் அதிகம் போனது.) அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவது. 1963 நவம்பர் 21ஆம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனதற்கும் அதே கோடுதான் காரணம். அந்தக் கோட்டின் மேலே, தரையிலிருந்து நூறு கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியதும், பகலில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அயனிமண்டலத்தின் மின்துகள்கள் இங்கே மேலே எழும்பி, வடக்கிலும் தெற்கிலும் வழிந்து விழுகின்றன. வடக்கே அவை குவிவது ஏறத்தாழ அகமதாபாத், கொல்கத்தா மட்டத்தில். ஆக நம் நாட்டின் தலைக்கு மேலேயே ஒரு பள்ளமும் ஒரு மேடும் இருக்கின்றன.

விமானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஜிபிஎஸ் சமிக்ஞை இந்த மண்டலத்தைத் தாண்டித்தான் கீழே வர வேண்டும். வரும்போது தாமதமாகும். தாமதம் என்றால் தூரக் கணக்கில் பிழை, சில மீட்டரிலிருந்து பல பத்து மீட்டர் வரை. சாலையில் போகிறவனுக்குப் பரவாயில்லை. மேகத்துக்குள் ஓடுபாதையைத் தேடி இறங்குகிறவனுக்கு அப்படி விட முடியாது. அமெரிக்கா 2003இல் தன் திருத்த முறையைச் சேவைக்குக் கொண்டு வந்தது. தரை நிலையங்கள் பிழையை அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும், செயற்கைக்கோள் அதை விமானத்துக்குச் சொல்லும். அவர்கள் தலைக்கு மேலே அயனிமண்டலம் பெரும்பாலான நாட்களில் சமதரை போலக் கிடப்பதால், பக்கத்துப் புள்ளிகளை வைத்து ஒரு தட்டையான தளத்தைப் பொருத்தினால் கணக்கு சரியாகிவிடும். அதே கணக்கை இங்கே கொண்டுவந்து வைத்தால் மேடு, பள்ளத்தில் தடுக்கி விழும். பொழுது சாய்ந்தபின் இன்னொரு தொல்லை. இந்த மண்டலத்துக்குள் குமிழிகள் எழுகின்றன. மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், சூரியன் உக்கிரமாக இருக்கும் வருடங்களில், சமிக்ஞை துடித்து, சில நேரம் அறுந்தே போகும். விலைக்கு வாங்கிய பெட்டியில் இதற்கு விடை இல்லை. அதை விற்றவனின் ஊரில் இந்தக் கேள்வியே எழவில்லையே.

அமெரிக்கத் திருத்த முறைக்கு ஈடாக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செய்த ககன் திட்டத்தின் முதுகெலும்பான ஆராய்ச்சி இதுதான். நாட்டின் பல இடங்களில் 18 அளவுக் கருவிகளை வைத்து, வருடக்கணக்கில் இந்த மேடு பள்ளத்தை அளந்தார்கள். பிறகு ஒரே தளத்துக்குப் பதிலாகப் பல அடுக்குகளை வைத்துக் கணக்கிடும் முறை ஒன்றை இஸ்ரோவே உருவாக்கியது. 2013 டிசம்பர் 30இல் பாதை வழிகாட்டலுக்குச் சான்று கிடைத்தது. 2015 ஏப்ரல் 21இல், செங்குத்து வழிகாட்டலோடு இறங்கவும் சான்று கிடைத்தது. காந்த நடுக்கோட்டுப் பகுதியில் இப்படிச் சான்று பெற்ற முதல் அமைப்பு உலகத்திலேயே இதுதான். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில், தரையில் இருக்கும் வழிகாட்டும் ரேடியோக் கருவி எதையும் சாராமல், ஒரு ஏடிஆர் விமானம் ககனை வைத்து இறங்கியது. சின்ன ஊர் விமான நிலையங்களுக்கு இதன் அருமை புரியும். பல கோடி ரூபாய்க் கருவியை ஒவ்வொரு ஓடுபாதையிலும் நட்டுப் பராமரிக்கும் வேலை மிச்சம்.

ககன் பட்டியல் போட்டு வந்த முன்னுரிமையா என்று கேட்டால், பாதிதான். தேவை தெரிந்த இரண்டு நிறுவனங்கள் கைகோத்ததால் வந்தது. நம் நாட்டில் சிவில் விமான ஆராய்ச்சிக்கு ஒரே தாய்வீடு கிடையாது. விமானத்தை ஆராயும் என்ஏஎல் 1959இல் தொடங்கியது, சிஎஸ்ஐஆரின் பிள்ளை. வானிலைத் துறை புவி அறிவியல் அமைச்சகத்தில். செயற்கைக்கோள் விண்வெளித் துறையில். கல்லூரிகளுக்கு விமான ஆராய்ச்சிப் பணம் தரும் வாரியம் 1971இல் தொடங்கியது, அதுவோ பாதுகாப்புத் துறையில். விமான நிலையங்கள் மட்டும்தான் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கையில். 1960களின் கடைசியில் பொள்ளாச்சிக்காரரான சி. சுப்பிரமணியம் தலைமையில் விமானத் தொழிலுக்கு ஒரு குழு அமைத்தார்கள். அவர் பெயரைக் கேட்டால் கோதுமை நினைவு வருகிறவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். அந்தக் குழுவின் பரிந்துரைகளில் பிற்பாடு நாடு பேசியது போர் விமானத்தைப் பற்றி. ராணுவத் தேவைக்கு ஒரு முகம் இருக்கிறது, கேட்பதற்கு ஒரு தளபதி இருக்கிறார். டெல்லி மூடுபனியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பயணிக்காக யார் போய்க் கேட்பது?

மூடுபனி என் சொந்தத் துறை, அதனால் என் ஒன்பது அதற்குத்தான் என்பதை ஒளிக்கவில்லை. பஞ்சாபிலிருந்து பீகார் வரை, டிசம்பர், ஜனவரியில், பாசனத்தால் ஈரமான சமவெளி ராத்திரியில் குளிர்ந்து, தரையோடு ஒட்டிய பனியைக் கிளப்புகிறது. அதோடு வண்டிப் புகை, அடுப்புப் புகை, தூசி. துகள் கூடினால் பனித்துளி சின்னதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் ஆகிறது. அதே அளவு தண்ணீர்தான், ஆனால் கண்ணை மறைப்பது அதிகம். டெல்லி விமான நிலையத்தில் ஓடுபாதைப் பார்வைத் தூரம் 50 மீட்டர் இருந்தாலும் இறங்க வசதி உண்டு, விமானத்தில் கருவியும் விமானிக்குப் பயிற்சியும் இருந்தால். சாதாரண முறையில் இறங்க 550 மீட்டர் வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஒரு குளிர்கால இரவின் நஷ்டமெல்லாம் ஒளிந்திருக்கிறது.

இந்தத் தூரத்தை அளக்கும் கருவியை நாம் நெடுங்காலம் இறக்குமதி செய்தோம். என்ஏஎல் உருவாக்கிய 'திருஷ்டி', வானிலைத் துறையோடு சேர்ந்து, இப்போது பல விமான நிலையங்களில் நிற்கிறது. ஒரு முனையிலிருந்து ஒளி அனுப்பு, மறுமுனையில் எவ்வளவு வந்தது என்று பார், கொள்கை அவ்வளவு எளிது. கண்ணாடியில் தூசி படிவதும், குருவி கூடு கட்டுவதும், பகல் வெயிலில் கம்பம் வளைந்து ஒளி நோக்கு விலகுவதும்தான் கருவிக்காரனின் உயிரை எடுக்கும். ஆனால் அளப்பது பாதி வேலைதான். பனி எத்தனை மணிக்கு விழும், எத்தனை மணிக்குக் கலையும் என்று முன்கூட்டிச் சொன்னால், கொச்சியில் புறப்பட வேண்டிய விமானத்தை அங்கேயே நிறுத்தி வைக்கலாம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலைக் கழகம் 2015 குளிர்காலத்திலிருந்து டெல்லி விமான நிலையத்திலேயே கருவிகளை நட்டு இந்த ஆய்வை நடத்துகிறது. நான் பார்த்த ஆராய்ச்சிகளில், விமானப் போக்குவரத்துக்காரர்களும் விஞ்ஞானிகளும் ஒரே இடத்தில் குளிரில் நடுங்கியது இதில்தான்.

'நீண்டகாலம்' என்ற சொல்லைப் பட்டியலில் எழுதுவது சுலபம். சரஸ் விமானத்தின் கதையைப் பாருங்கள். சின்ன ஊர்களை இணைக்கும் 14 இருக்கை விமானம். 2004 மே 29இல் முதல் முறை பறந்தது. 2009 மார்ச் 6இல் பெங்களூருக்கு வெளியே பிடதி அருகே சோதனைப் பறப்பில் விழுந்து, மூன்று பேர் இறந்தார்கள். அதன்பின் திட்டம் ஏறக்குறையப் படுத்துவிட்டது. திருத்திய முன்மாதிரி பறந்தபோது 2018 ஜனவரி ஆகியிருந்தது. நடுவில் போன வருடங்களில் விமானம் மட்டுமா நின்றது? அதைத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். விபத்தை ஆராய்ந்து, திருத்தி, அடுத்ததைப் பறக்கவிடுவதற்கான பணத்தை முதல் நாளே ஒதுக்கி வைக்காத திட்டத்தை நான் நீண்டகாலத் திட்டம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இதைச் சொன்ன கூட்டத்தில் நிதிப் பிரிவிலிருந்து வந்தவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வெளியிலிருந்து யாராவது கெடு வைத்தால் மட்டும் நாம் ஓடுவோம். எங்கள் வட்டாரம் இதைக் கண்ணால் பார்த்தது. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. அடுத்த ஆண்டு அக்டோபரில் சிஎஸ்ஐஆரின் நீரி நிறுவனம், காரைக்குடி ஆய்வகம் போன்ற உடன்பிறப்புகளின் துணையோடு, புதுக் கலவைகளை வெளியிட்டது. அந்தக் கலவைகளைப் பற்றி எங்கள் ஊரில் இருக்கும் குறைகளை எழுதினால் தனிப் புத்தகம் வேண்டும். என்றாலும் ஒரே வருடம்! விமான எரிபொருளிலும் அதேதான். டேராடூன் ஆய்வகம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலந்து 2018 ஆகஸ்டில் ஒரு விமானம் டெல்லி வரை பறந்தது, பிறகு பேச்சு அடங்கியது. சர்வதேசக் கரியமிலக் கணக்கு 2027இல் கட்டாயமாகப் போகிறது என்றதும், வெளிநாட்டுப் பறப்புகளில் 2027இல் 1 சதவீதம், 2030இல் 5 சதவீதம் என்று இலக்கு வந்தது.

கூட்டங்களில் கற்காத ஒன்றை என் தாய்மாமாவிடம் கற்றேன். பட்டாசு ஆபீசில் போர்மேனாக இருந்தவர். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, சரக்கு விமானத்தில் லித்தியம் பேட்டரி பற்றி எரிவது பற்றிப் பேச்சு வந்தது. 2010 செப்டம்பரில் துபாயில் ஒரு சரக்கு விமானம் அப்படித்தான் விழுந்து இரு விமானிகள் இறந்தார்கள்.

"எப்படி அணைக்கிறதுன்னுதான் மாமா ஆராய்ச்சி நடக்குது" என்றேன்.

"அணைக்கிறதா? மருமகனே, மருந்து ரூமுல பத்துனா எவன் அணைச்சான்? ஒரு ரூமுல எத்தனை கிலோ, ரூமுக்கும் ரூமுக்கும் எத்தனை அடி, அதைக் கேளுப்பா முதல்ல."

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் கடைசியில் அவர் வழிக்குத்தான் வந்தது. 2016 ஏப்ரலிலிருந்து தனி லித்தியம் அயான் பேட்டரிகள் பயணி விமானத்தில் சரக்காகப் போகக் கூடாது. சரக்கு விமானத்தில் போனாலும் 30 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றம் இருக்கக் கூடாது. இதைச் சொன்னதும், "அப்பிடின்னா அரை மருந்து போட்ட வெடி மாதிரி. சரிதான்" என்று வெற்றிலையை மடித்தார். அடுத்த கூட்டத்தில் தீயணைப்பு வரிக்கு மூன்றும், பொதிக்கும் பொதிக்கும் இடைவெளி ஆராயும் வரிக்கு ஒன்பதும் போட்டேன். காரணம் கேட்டார்கள், திருத்தங்கல் என்றேன்.

இந்திய விமான நிலைய ஆணையம் ஹைதராபாத் பேகம்பேட்டையில் சிவில் விமான ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயரிலேயே துறையைச் சுமக்கும் ஓர் இடத்தை உருவாக்கியிருக்கிறது. விமான நிலையமும் வான்வழிக் கட்டுப்பாடும் அதன் வேலை. அதன் பட்டியலை எழுதப்போகும் இளையவர்களுக்கு நான் சேர்க்கச் சொல்ல ஒரு வரி உண்டு. மழை கொட்டும்போது ஓடுபாதையில் நிற்கும் தண்ணீரும், டயர் ரப்பர் படிந்த பரப்பின் பிடிப்பும். 2020 ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில் 21 பேர் உயிர் போன விமான விபத்துக்கு முதல் காரணம் விமானியின் முடிவுகள் என்று விசாரணை சொன்னது, மறுக்கவில்லை. ஆனாலும் பருவமழையில் நனைந்த குன்றுச்சி ஓடுபாதையை நமக்காக யார் ஆராய்வார்கள்?

அடிக்க வேண்டிய வரிகளும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது காலாவதியாகும் வருடத்தை எழுத வேண்டும் என்று கடைசிவரை கேட்டுப் பார்த்தேன், யாரும் இசையவில்லை. அயனிமண்டலத் தாமதத் திருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் பெட்டி விமானத்துக்குள் வந்துவிட்டால், தாமதத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். நாம் பெருமைப்படும் அந்தக் கணக்கு முறைக்கு அப்போது வேலை குறைந்துவிடும். பொழுது சாய்ந்தபின் எழும் குமிழிகளின் தொல்லை மட்டும் மிஞ்சும். ஆனால் ஒரு விமானம் இருபது, இருபத்தைந்து வருடம் உழைக்கும், பழைய பெட்டியோடு பறப்பவை தீர வேண்டும். என் குறிப்பேட்டில் அந்த வரிக்கு எதிரே 2040 என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். மூடுபனிக்கு எதிரே எந்த வருடமும் எழுதவில்லை. நானும் கருவிக்காரன்தானே.